மெய்ஜி ஆறாம் ஆண்டு: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானின் மெய்ஜி காலத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை 1873-ஆம் ஆண்டையே சுற்றி வந்திருந்தன. அவற்றை ஒன்றாகத் தொகுத்து இங்கே பதில் சொல்கிறோம்.

கே: ஜப்பான் மாறிய ஆண்டு என்று 1868-ஐத்தான் படித்திருக்கிறோம். 1873-க்கு அப்படி என்ன முக்கியத்துவம்?

ப: 1868-ல் ஆட்சி கைமாறியது. நாட்டை ஆண்டுவந்த படைத்தலைவரான தொகுகவா ஷோகுன் போய், பேரரசர் பெயரில் சத்சுமா, சோஷு போன்ற சிற்றரசுகளின் இளைய சாமுராய்கள் அதிகாரத்துக்கு வந்தார்கள். 1871-ல் சிற்றரசுகளே ஒழிக்கப்பட்டு மாவட்ட நிர்வாகம் வந்தது. இவ்வளவு நடந்தும் கிராமத்து உழவர் வீட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. வரியை விளைபொருளாகவே கட்டினார்கள். நிலவைப் பார்த்தே நாள் எண்ணினார்கள். ஆயுதம் ஏந்துவது சாமுராய் வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

1873-ல் இந்த மூன்றுமே மாறின. ஜனவரி 1-ல் புதிய நாட்காட்டி, ஜனவரி 10-ல் கட்டாய ராணுவச் சேவை ஆணை, ஜூலை 28-ல் நிலவரிச் சட்டம். ஒரு குடும்பத்தின் நாள், மகன், நிலம் மூன்றையும் அரசு ஏழே மாதங்களில் தொட்டுவிட்டது. அக்டோபரில் அந்த அரசே இரண்டாகப் பிளந்தது. இவை தனித்தனி நிகழ்ச்சிகள் போலத் தெரிந்தாலும், எதைத் தோண்டினாலும் அடியில் வருவது ஒன்றுதான்: புதிய அரசின் கஜானாவில் பணம் இல்லை.

கே: 1872-ல் டிசம்பர் 2-க்கு மறுநாளே ஜனவரி 1 வந்ததாக எழுதுகிறார்கள். இடையில் இருந்த நாட்கள் எங்கே போயின?

ப: எந்த நாளும் தொலையவில்லை, நாட்களின் பெயர்தான் மாறியது. அதுவரை நடப்பில் இருந்தது 1844 முதல் பயன்பட்ட தென்போ நாட்காட்டி. மாதங்கள் நிலவின்படி ஓடும், பருவத்தோடு இணைக்க அவ்வப்போது ஓர் அதிக மாதம் சேரும். அதன்படி மெய்ஜி 5-ஆம் ஆண்டின் 12-ஆம் மாதம் 2-ஆம் நாள், மேற்கத்திய கணக்கில் 1872 டிசம்பர் 31. மறுநாளை மெய்ஜி 6 ஜனவரி 1 என்று அறிவித்தார்கள். 12-ஆம் மாதம் இரண்டே நாளில் முடிந்தது.

ஆணை வெளியானது 11-ஆம் மாதம் 9-ஆம் நாள். மாற்றத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இந்த அவசரத்துக்கான காரணத்தை நிதிப் பொறுப்பில் இருந்த ஓகுமா ஷிகெனொபு பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் மாதக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. பழைய கணக்கில் மெய்ஜி 6-ல் ஆறாம் மாதத்தை அடுத்து ஓர் அதிக மாதம் வரவேண்டும், ஆக 13 சம்பளம். புதிய நாட்காட்டிக்கு மாறினால் 12 போதும். இரண்டு நாள் மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்றும் உத்தரவு போட்டார்கள். ஒரே வீச்சில் இரண்டு மாதச் சம்பளம் மிச்சம்.

அடிபட்டவர்கள் நாட்காட்டி விற்பனையாளர்கள். மெய்ஜி 6-க்கான பழைய நாட்காட்டிகள் அச்சாகி விற்பனைக்கும் வந்துவிட்டிருந்தன. எல்லாம் வீணாயின. நட்ட ஈடாக அவர்களுடைய தனி விற்பனை உரிமையை அரசு நீட்டித்துக் கொடுத்தது.

அவசரத்தில் ஆணையிலும் ஒரு பிழை நுழைந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடும் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நூற்றாண்டு முடிவில், 400-ஆல் வகுபட்டால் ஒழிய அந்த நாள் கிடையாது என்ற கிரிகோரிய விதி விடுபட்டிருந்தது. ஆணையின்படி போனால் 1900 பிப்ரவரிக்கு 29 நாள், அதாவது மேற்கு நாடுகளிலிருந்து ஜப்பான் ஒரு நாள் விலகிவிடும். 1898-ல் தனி அரசாணை வெளியிட்டு இதைத் திருத்தினார்கள்.

கே: புதிய நாட்காட்டியை மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா?

ப: அலுவலகமும் பள்ளியும் ஏற்றன, கிராமம் ஏற்கவில்லை. பழைய கணக்கில் தேதியே நிலவைச் சொல்லிவிடும். 1 என்றால் அமாவாசை, 15 என்றால் பௌர்ணமி அல்லது அதை ஒட்டிய நாள். மீனவருக்கு அந்த எண்ணே கடல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அட்டவணை. ஜனவரி 15 என்ற எண்ணிலிருந்து அவர் எதைத் தெரிந்துகொள்வார்? இதனால்தான் அரசு நாட்காட்டியிலேயே பழைய தேதியையும் பக்கத்தில் அச்சிட்டு வந்தார்கள். 1909 வரை அது தொடர்ந்தது, 1910 நாட்காட்டியில்தான் நீங்கியது.

திருவிழாக்களில் ஒரு நடுவழி பிறந்தது. முன்னோரை வழிபடும் ‘பொன்’ (Bon) என்ற விழா பழைய ஏழாம் மாதம் 15-ல் வரும். புதிய ஜூலை 15 வயல் வேலை நெருக்கும் நேரம். ஆகவே பல பகுதிகளில் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்ட் 15-க்கு வைத்துக்கொண்டார்கள். இன்றும் ஜப்பானின் பெரும்பகுதியில் ‘பொன்’ அப்போதுதான்.

கே: கடிகாரமும் அதே ஆணையில் மாறியதாமே?

ப: ஆமாம். அதற்கு முன் விடியலிலிருந்து அந்திவரை ஆறு பொழுது, அந்தியிலிருந்து விடியல்வரை ஆறு பொழுது. பகல் நீண்டால் பகல் பொழுதும் நீளும். எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) கோடை உச்சத்தில் ஒரு பகல் பொழுது சுமார் 2 மணி 40 நிமிடம், குளிர்கால உச்சத்தில் சுமார் 1 மணி 50 நிமிடம். எண்ணிக்கையும் இறங்குமுகம்: நண்பகல் 9, பிறகு 8, 7, அந்தி 6, பிறகு 5, 4, நள்ளிரவில் மறுபடி 9.

இந்த நீளும் பொழுதைக் காட்ட ஜப்பானியக் கடிகாரக் கைவினைஞர்கள் செய்த ஏற்பாடு வியக்க வைக்கும். முட்களை இயக்கும் பொறியின் மேல் குறுக்காக ஆடும் ஒரு தண்டு இருக்கும். அதன் இரு முனைகளிலும் வரிசையாகப் பல் வெட்டி, சிறு எடைகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். எடையை வெளிப்பக்கம் தள்ளினால் ஆட்டம் மெதுவாகும், பொழுது நீளும். உள்ளே தள்ளினால் வேகமாகும். நல்ல கடிகாரங்களில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு தண்டுகள். விடியலிலும் அந்தியிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே மாறிக்கொள்ளும். அரை மாதத்துக்கு ஒருமுறை எடைகளை ஒரு பல் நகர்த்தினால் போதும். 1873 ஜனவரி 1-ல் நாள் 24 சம மணியானதும் இத்தனை நுட்பமும் அலங்காரப் பொருளாகிவிட்டது.

கே: ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தேதி கொடுக்கிறார்கள். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: 1872 முடிய உள்ள ஜப்பானியத் தேதி என்றால் முதலில் பழைய நாட்காட்டியா, மாற்றிய தேதியா என்று பாருங்கள். ஷிம்பாஷி–யோகோஹாமா ரயில் திறப்பு பழைய கணக்கில் மெய்ஜி 5, 9-ஆம் மாதம் 12. மேற்கத்திய கணக்கில் 1872 அக்டோபர் 14. இதை “செப்டம்பர் 12” என்று எழுதுவதுதான் வழக்கமான தவறு. பழைய 9-ஆம் மாதம் செப்டம்பர் ஆகாது, பொதுவாக மூன்று முதல் ஏழு வாரம் பின்னால் வரும்.

ஆண்டுக்கு மெய்ஜி எண்ணோடு 1867 கூட்டுங்கள்: 6 + 1867 = 1873. பழைய ஆண்டின் கடைசி மாதத்தில் மட்டும் இது காலை வாரும். பேரரசர் ஆட்சி மீட்பை அறிவித்தது, மெய்ஜிக்கு முந்தைய ஆண்டுக் கணக்கான கெய்யோவின் 3-ஆம் ஆண்டு 12-ஆம் மாதம் 9-ஆம் நாள். அது 1868 ஜனவரி 3. கெய்யோ 3-ஐ 1867 என்று எடுத்து “1867 டிசம்பர் 9” என எழுதினால் ஆண்டே தவறிப்போகும். 1873 ஜனவரி 1-லிருந்து இந்தத் தொல்லை இல்லை, இரண்டும் ஒரே தேதி.

கே: கட்டாய ராணுவச் சேவையை “ரத்த வரி” என்று சொன்னதால் கலவரம் வெடித்ததாமே? உண்மையா?

ப: சொல் அரசுடையதேதான். ஆணைக்கு முன் 1872 டிசம்பர் 28-ல் வந்த விளக்க அறிக்கையில், மேற்கத்தியர் இதை ரத்த வரி என்பர், உயிருள்ள குருதியால் நாட்டுக்குக் கைம்மாறு செய்வது என்று பொருள் என்று எழுதியிருந்தார்கள். கிராமத்தில் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இளைஞர்களின் ரத்தத்தை உறிஞ்சி வெளிநாட்டாருக்கு விற்கப் போகிறார்கள், அவர்கள் குடிக்கும் சிவப்பு மது அதுதான், கம்பளிகளுக்கு ஏறும் சிவப்புச் சாயமும் அதுதான் என்று வதந்தி பரவியது.

ஆனால் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால் கலவரம் என்று முடித்துவிடுவது நியாயமாகாது. வயலுக்குக் கைகொடுக்கும் வயதில் ஒரு பிள்ளையை மூன்று ஆண்டு கொண்டுபோனால் வீட்டுக்கு எவ்வளவு இழப்பு என்பது உழவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. 1873 மே மாத இறுதியில் மிமாசாகாவில் (இன்றைய ஒகயாமா மாவட்டம்) வெடித்த கலவரத்தில் கிராம அதிகாரிகளின் வீடுகளும் புதிய பள்ளிகளும் தாக்கப்பட்டன. 1871-ல் தீண்டாமைப் பெயர்கள் சட்டப்படி நீக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளுக்கும் தீ வைத்தார்கள், அவர்களில் பலரைக் கொன்றார்கள். அரசின் மேல் இருந்த கோபத்தைத் தங்களைவிட எளியவர்கள் மேல் இறக்கினார்கள். இந்தக் கலவரத்தை வெறும் உழவர் வீரமாகப் பாடும் எழுத்துகள் இதை விட்டுவிடுகின்றன. விடக்கூடாது.

கே: யாரெல்லாம் சேரவேண்டும், யார் தப்பலாம் என்று இருந்தது?

ப: 20 வயது ஆண். மூன்று ஆண்டு நேரடிச் சேவை, பிறகு நான்கு ஆண்டு இருப்புப் படை. உயரம் 5 ஷாக்கு 1 சுன், அதாவது சுமார் 154.5 செ.மீ.க்குக் குறைந்தால் விலக்கு. குடும்பத் தலைவர், அவரது வாரிசு, ஒரே மகன், தத்துப் பிள்ளை, அரசு அலுவலர், குறிப்பிட்ட பள்ளிகளின் மாணவர், வெளிநாட்டில் படிப்பவர் ஆகியோருக்கும் விலக்கு. 270 யென் கட்டினாலும் போகவேண்டாம்.

270 யென் எவ்வளவு பெரிய தொகை என்பதை அடுத்த பதிலில் வரும் கணக்கோடு ஒப்பிட்டால் தெரியும்: அரசின் மாதிரிக் கணக்குப்படி ஆறரை டான் (டான் என்பது நிலப் பரப்பின் அலகு) நெல்வயலின் விலை. ஆகவே உழவர்கள் கண்டுபிடித்த வழி தத்து. இரண்டாம், மூன்றாம் மகனைப் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பெயரளவில் தத்துக் கொடுத்துவிட்டால் அவன் வாரிசு. இதற்கென்றே “ராணுவத் தத்து” என்ற சொல்லே பிறந்தது. 1876-ல் அந்த வயதினரில் ஐந்தில் நால்வருக்கு மேல் விலக்குப் பெற்றார்கள். ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து, 1889 சட்டத்தில்தான் குடும்ப நிலை சார்ந்த விலக்குகளை முழுதாக எடுத்தார்கள்.

கே: நிலவரி நிலத்தின் மதிப்பில் 3 சதவீதம்தான். அது ஏன் கடுமை என்கிறார்கள்? 3 சதவீதம் குறைவுதானே?

ப: மிக நல்ல கேள்வி. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். நில மதிப்பைக் கணிக்க அதிகாரிகளுக்குக் கொடுத்த கையேட்டில் இருந்த மாதிரியையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு டான் நெல்வயல், சுமார் 992 சதுர மீட்டர். விளைச்சல் 1.6 கொகு அரிசி. ஒரு கொகு சுமார் 180 லிட்டர், எடையில் ஏறத்தாழ 150 கிலோ. கொகுவுக்கு 3 யென் என்றால் மொத்தம் 4 யென் 80 சென் (100 சென் ஒரு யென்). விதைக்கும் உரத்துக்கும் 15 சதவீதம், அதாவது 72 சென் கழித்தால் 4.08 யென். அதிலிருந்து நிலவரி 1.224, கிராமச் செலவு வரி 0.408 கழித்தால் மிச்சம் 2.448. இது நிலத்துக்கு 6 சதவீத வட்டி என்று கொண்டால் நில மதிப்பு 40 யென் 80 சென். அதில் 3 சதவீதம் 1.224 யென். கணக்கு வட்டமாகச் சுற்றி வந்து பொருந்துகிறது.

இப்போது வரியை மதிப்போடு ஒப்பிடாமல் விளைச்சலோடு ஒப்பிடுங்கள். 4.80-ல் 1.224 என்றால் 25.5 சதவீதம். கிராம வரியையும் சேர்த்தால் 34 சதவீதம், விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கு! பழைய வரி வருவாய் குறையக்கூடாது என்பதுதான் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. 3 சதவீதம் என்ற எண் அதற்கேற்ப அமைந்தது.

கணக்கில் எது இல்லை என்று பாருங்கள். உழைப்புக் கூலி இல்லை. நடவு, களை, அறுவடை எல்லாம் குடும்பம் இலவசமாகச் செய்வதாக எண்ணிக்கொண்டார்கள். வட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. 6 சதவீத வட்டியும் 4 சதவீத வரிகளும் சேர்ந்தால் 10, ஆக மதிப்பு என்பது 4.08-இன் பத்து மடங்கு. வட்டியை 10 சதவீதம் என்று வைத்திருந்தால் மதிப்பு 29 யென்னுக்குச் சற்று மேல், வரி 87 சென்தான். வட்டியைத் தாழ்த்தியே வரியை உயர்த்தியிருக்கிறார்கள்.

குத்தகை நிலத்துக்கு வேறு மாதிரி. விளைச்சலில் 68 சதவீதம் நிலக்கிழாருக்குக் குத்தகை. அதில் பாதி, 34 சதவீதம், வரிகளுக்குப் போகும். மீதிப் பாதி அவருக்கு. குத்தகை உழவருக்கு 32 சதவீதம், விதையும் உரமும் அதிலிருந்துதான். அரசே தன் கையேட்டில் 68 சதவீதக் குத்தகையை மாதிரியாக எழுதியது என்பதை நினைவில் வையுங்கள்.

கே: பணமாகக் கட்டியது உழவருக்கு வசதிதானே?

ப: விலை ஏறும் காலத்தில் வசதி, இறங்கும் காலத்தில் அடி. மதிப்பைக் கணிக்கப் பெரும்பாலும் 1870 முதல் 1874 வரையிலான சராசரி அரிசி விலையை எடுத்தார்கள். அதன்பின் விலை எப்படிப் போனாலும் வரி அதே யென்தான். கொகு 3 யென் விற்றால் மாதிரி வயலின் நிலவரிக்கு 0.41 கொகு அரிசி விற்கவேண்டும். 2 யென்னுக்கு இறங்கினால் 0.61 கொகு. பழைய முறையில் விளைச்சல் கெட்டால் சிற்றரசரிடம் குறைக்கச் சொல்லிக் கெஞ்ச ஒரு வழி இருந்தது. புதிய சட்டத்தில் அமோக விளைச்சலுக்குக் கூட்டுவதும் இல்லை, வறட்சிக்குக் குறைப்பதும் இல்லை.

இன்னொரு இழப்பு காட்டில். நிலப் பத்திரத்தில் ஊர், மனை எண், பரப்பு, மதிப்பு, வரி, உரிமையாளர் பெயர் எல்லாம் எழுதவேண்டும். கிராமம் முழுவதும் சேர்ந்து விறகும் புல்லும் எடுத்த பொதுக் காடு யார் பெயரில்? ஆதாரம் காட்ட முடியாத இடங்களில் பல அரசு நிலமாயின. பசுந்தழை உரமும் அடுப்புக்கு விறகும் அங்கிருந்துதான் வந்தன. பத்திரம் வாங்கிய உழவருக்கு வயல் உறுதியானது, வயலை வாழவைத்த காடு போனது.

கே: 1873 அக்டோபரில், அரசின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான சைகோ தகமோரி ஏன் பதவி விலகினார்? அவர் கொரியாமீது போர் தொடுக்க விரும்பினாரா?

ப: இவகுரா தொமொமி தலைமையில் பெரிய தலைவர்கள் பலர் 1871 டிசம்பரில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கிளம்பினார்கள். தாங்கள் திரும்பும்வரை பெரிய மாற்றம் கூடாது என்று எழுத்தில் உறுதி வாங்கினார்கள். சைகோ, இதகாகி தைசுகே, ஓகுமா, எதோ ஷிம்பெய் ஆகியோரைக் கொண்ட, நாட்டில் தங்கியிருந்தவர்களின் இருப்பு அரசு, மேலே சொன்ன நாட்காட்டி, படை, நிலவரி எல்லாவற்றையும் அந்த இடைவெளியில்தான் செய்தது. பணம் பற்றாமல் மே மாதத்தில் இனோவே கவோருவும் ஷிபுசாவா எய்இச்சியும் நிதித் துறையை விட்டு விலகினார்கள். வருவாய் 4 கோடி யென், செலவு 5 கோடி என்று அவர்கள் எழுதிய மனு பத்திரிகையில் வந்தது. அதை மறுக்கவே ஓகுமா வரவு செலவு மதிப்பீட்டை முதன்முறையாக வெளியிட்டார்.

கொரியா ஜப்பானின் புதிய அரசை ஏற்க மறுத்திருந்தது. படை அனுப்பலாம் என்றார் இதகாகி. சைகோ, தன்னைத் தூதராக அனுப்பச் சொன்னார். தூதரைக் கொன்றால் போருக்கு நியாயம் கிடைக்கும் என்று இதகாகிக்கு எழுதிய கடிதம் உண்டு. அது உள்ளக் கருத்தா, இதகாகியைச் சம்மதிக்க வைக்கும் பேச்சா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. கடிதம் ஒன்றை மட்டும் வைத்து அவரைப் போர்வெறியர் என்பதும், அதை ஒதுக்கிவிட்டு அமைதித் தூதர் என்பதும் இரண்டுமே அவசரம் என்பது எங்கள் கருத்து.

இவகுரா குழுவில் போய்த் திரும்பி வந்த தலைவர் ஓகுபோ தொஷிமிச்சி ஏழு காரணங்களை எழுதி எதிர்த்தார். கஜானா காலி, இறக்குமதி ஏற்றுமதியை மிஞ்சுகிறது, பிரிட்டனிடம் கடன், வடக்கே ரஷ்யா, சமமற்ற ஒப்பந்தங்கள் திருத்தப்படவில்லை. அக்டோபர் 15-ல் அமைச்சரவை சைகோவை அனுப்பவே முடிவெடுத்தது. 18-ல் பிரதமர் நிலையில் இருந்த சன்ஜோ சனெதொமி நோயில் விழுந்தார். பொறுப்பேற்ற இவகுரா, தன் எதிர்க் கருத்தையும் பேரரசரிடம் வைத்தார். 24-ல் பேரரசர் இவகுரா பக்கம் நின்றார். சைகோ 23-லேயே விலகினார், மறுநாள் இதகாகி, எதோ, கோதோ ஷோஜிரோ, சொயெஜிமா தனெயோமி விலகினார்கள். 1874 ஜனவரியில் இதகாகி முதலானோர் தேர்ந்தெடுத்த மன்றம் கேட்டு மனுக் கொடுத்தார்கள். எதோ ஷிம்பெய் சாகாவில் கிளர்ச்சி செய்து அதே ஆண்டு தலை வெட்டிக் கொல்லப்பட்டார். சைகோ 1877-ல் ககோஷிமாவில் மடிந்தார். அவரை வீழ்த்திய படையில், 1873 ஆணைப்படி சேர்ந்த உழவர் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கே: கிறிஸ்தவத் தடையை அந்த ஆண்டுதான் நீக்கினார்களா?

ப: பிப்ரவரி 24-ல் தடையை எழுதிய அறிவிப்புப் பலகைகளை எடுத்தார்கள். சொன்ன காரணம், விஷயம் மக்களுக்கு ஏற்கனவே தெரியும் என்பது. தடையை ரத்து செய்ததாக ஒரு வரியும் இல்லை. ஆனால் நாகசாகி அருகே உரகாமியிலிருந்து நாடு முழுதும் சிதறடிக்கப்பட்ட 3,300-க்கும் மேற்பட்ட விசுவாசிகள் அதன் பிறகு ஊர் திரும்பினார்கள். 600 பேருக்கு மேல் அதற்குள் இறந்திருந்தார்கள்.

கே: அந்த நிலவரி எப்போதாவது குறைந்ததா?

ப: 1873 சட்டத்திலேயே ஒரு வாக்குறுதி இருந்தது. தேயிலை, புகையிலை, மரம் போன்ற பொருள்களின் வரி 20 லட்சம் யென்னைத் தாண்டினால் நிலவரியைப் படிப்படியாக 1 சதவீதம்வரை குறைப்போம் என்று. அது நடக்கவே இல்லை. குறைய வைத்தவர்கள் உழவர்கள். 1876 கடைசியில் அரிசி விலை இறங்கியபோது இபராக்கியிலும் மியெயிலும் பெரும் கிளர்ச்சிகள் வெடித்தன. சம்பளமிழந்த சாமுராய்களும் உழவர்களும் சேர்ந்துவிடுவார்களோ என்று ஓகுபோ அஞ்சினார். 1877 ஜனவரியில் 2.5 சதவீதமாக்கினார்கள், கிராமச் செலவு வரியும் நிலவரியில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்றார்கள்.

மாதிரி வயலுக்குப் போட்டுப் பாருங்கள். நிலவரி 1 யென் 2 சென், கிராம வரி 20 சென் 4 ரின் (10 ரின் ஒரு சென்), இரண்டும் சேர்ந்து 1.224 யென். 1873-ல் நிலவரி மட்டுமே அவ்வளவு இருந்தது. மூங்கில் ஈட்டியால் ஒரு குத்து, வெளியே வந்தது இரண்டரை என்று உழவர்கள் பாடினார்கள்.